கரடிப் பெட்டிக்குப் பூட்டு

காலை 10.40. விறகு நாலு கட்டு, ஐஸ் இரண்டு பை. அதை மூன்று தரம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு குலவீரசிங்கம் வாடகைப் படகைக் கரையிலிருந்து தள்ளி ஏறினார். கயிற்றை நாலு தரம் இழுத்த பிறகுதான் இயந்திரம் பிடித்தது. கரையில் நின்ற மனைவி மனோரஞ்சிதத்தைப் பார்த்து, "பன்னிரண்டுக்கு முதல் வந்திடுவன். நீர் கூடாரத்தை விட்டுத் தூரப் போகாதையும்," என்றார். "போறதுக்கு இஞ்ச என்ன, சந்தையே இருக்கு?" என்றாள் அவள். அது அவர் காதில் விழவில்லை. செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிக்குள் கழுத்து மறைந்து, ஆமைபோல நிமிர்ந்து உட்கார்ந்தபடி அவர் போனார்.

படகுச் சத்தம் முதலில் உறுமலாகவும் பிறகு தையல் மெசின் ஓடுவது போலவும் கேட்டு, பாறை முனையைத் தாண்டியதும் நின்றது. நின்றது படகல்ல, சத்தம்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி எந்நேரமும் முனகும், மேல்மாடிக்காரர் நடப்பார்கள், அவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டே அந்தச் செய்தியைத் திருப்பிச் சொல்லுவார். இங்கே அலை கல்லை நக்கும் சத்தம் மட்டும்தான், அதுவும் விட்டுவிட்டு. இந்த ஏரிக்கரைத் தங்குமிடங்களுக்குத் தரைவழி கிடையாது. தேசியப் பூங்காவின் படகுத்துறையிலிருந்து இருபத்தைந்து நிமிடம் படகில் வந்தால் ஒன்பது இடங்கள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். இது ஏழாவது. கலியாணமாகி முப்பத்தைந்து வருடம் முடிந்ததற்கு மகள் ஆரணி கொடுத்த பரிசு, மூன்று இரவு. "அம்மா, அங்க போன் வேலை செய்யாது," என்று அவள் சொன்னபோது மனோரஞ்சிதம், "அப்ப என்னத்துக்கடி அங்க?" என்று கேட்டாள். "அதுக்குத்தானம்மா அங்க." விளங்கவில்லை. அவர்கள் குடியேறிய ஸ்காபரோவில் வீடு பத்தாம் மாடி, பல்கனியில் நின்றால் காற்று வரும். பிறகு எதற்கு ஐந்து மணித்தியாலம் கார் ஓடி, நிலத்தில் படுத்து, நாரிப்பிடிப்பு வாங்க வேண்டும்? நேற்றிரவு அவர் கரடிக்குப் பயந்து, மூன்று நாளுக்கென்று வாங்கிய விறகு முழுவதையும் ஒரேயடியாக எரித்தார். சுவாலை மரக்கிளைவரைக்கும் போனது. "இது கரடியை விரட்டுற நெருப்போ, வாவெண்டு கூப்பிடுற நெருப்போ?" என்று அவள் கேட்டாள். அதனால்தான் இப்போது விறகுப் பயணம். வெளிவிறகு கொண்டுவரக்கூடாதாம், பூச்சி வருமாம், துறையில்தான் வாங்கவேண்டுமாம். எல்லாவற்றுக்கும் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளை அவர் ஓய்வூதியக் கடிதம் வாசிப்பதுபோல வாசித்தார்.

அவள் சாய்ந்த பாறையில் இறங்கி உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை தூக்கிக் காலைத் தண்ணீரில் விட்டாள். குளிர் எலும்பைத் தொட்டது, பிறகு பழகியது. யாரும் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம் வந்ததும் ஏனோ திரும்பிப் பார்த்தாள். கூடாரம், கயிற்றில் காயும் அவரது சாரம், இரும்புப் பெட்டி, மரங்கள். கடைசியாக எப்போது இப்படித் தனியே இருந்தாள்? எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினாள். சான்ட்விச் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம், ஓடும் பட்டி ஒன்றுக்கு எட்டுப் பெண்கள், சான்ட்விச்சுக்கு இரண்டு தக்காளித் துண்டு, எதிரே நிற்கும் பிலிப்பினோக்காரியின் இருமல் உட்பட எல்லாம் மனப்பாடம். பஸ்ஸில் ஆட்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு, பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தியின் முனகல். அதற்கு முன் ஊரில், சண்டைக் காலத்தில், பதுங்குகுழிக்குள் பதினொரு பேர், ஒருவர் மூச்சு இன்னொருவர் பிடரியில். குளியலறை பத்து நிமிடம், அதுவும் "இஞ்சேரும், என்ரை கண்ணாடியைக் கண்டனீரோ?" என்று கதவில் தட்டும்வரைக்கும். ஆகக் கூடியது நாற்பது நிமிடம், ஒரு பனிப்புயல் நாளில், பஸ் நிறுத்தத்தில். ஐம்பத்தொன்பது வயதுக்கு நாற்பது நிமிடம். அவளுக்குத் துக்கம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. இன்றைக்கு அந்தக் கணக்கை முறியடிக்கலாம். தண்ணீருக்குள் ஒரு கறுப்புப் பறவை முங்கிப் போனது. எங்கே எழும்பும் என்று அவள் ஓர் இடத்தைக் குறித்து வைத்தாள். அது வேறோர் இடத்தில் எழும்பியது. இன்னொரு தரம் குறித்தாள். பிழைத்தது. அப்படியே பன்னிரண்டு தரம் பிழைத்த பிறகு நேரம் பார்த்தால் 11.50.

பசி தெரிந்தது. காலை எட்டு மணிக்கு ஊசி போட்டுப் பாணும் சம்பலும் தின்றது. மதியம் பன்னிரண்டரைக்குள் சாப்பிடவேண்டும். கிளினிக்கில் இருக்கும் தமிழ்த் தாதி ஒவ்வொரு முறையும் சொல்லுவாள்: "அன்ரி, சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டால் சாப்பிடோணும். சாப்பிடாட்டி ஊசி உங்களைச் சாப்பிட்டிடும்." மனோரஞ்சிதம் எழும்பி, காலைச் சேலையில் துடைத்து, பிஸ்கற் எடுக்கப் பெட்டியடிக்குப் போனாள். போய்க் குனிந்தபோதுதான் பூட்டைக் கண்டாள். நேற்றும் கண்ட பூட்டுத்தான். ஆனால் நேற்று அது வெறும் பகிடி. சாப்பாட்டுப் பொருட்களைக் கரடி எடுக்காதபடி வைக்கப் பூங்காக்காரர் கொடுத்த அந்த இரும்புப் பெட்டிக்கு ஒரு கொளுக்கி இருந்தது. மனித விரல் போகும், கரடியின் பாதம் போகாது. அது போதாதென்று குலவீரசிங்கம் ஸ்காபரோவிலிருந்து பித்தளை ஆமைப்பூட்டொன்று கொண்டுவந்திருந்தார். "கொளுக்கி இருக்கு, பிறகென்னத்துக்குப் பூட்டு?" என்று அவள் நேற்றே கேட்டாள். "கொளுக்கி கரடிக்கு. பூட்டு மனிசருக்கு." "இந்தக் காட்டுக்கை எந்த மனிசன் வந்து எங்கடை பருப்புப் பையைத் தூக்கப்போறான்?" "களவெடுக்கிறவன் சொல்லிப்போட்டே வாறவன்?" ஊரில், சுன்னாகத்தில் கூட்டுறவுச் சங்கக் கடைக் களஞ்சியத்தில் பதினொரு வருடம், இங்கே பண்டகசாலைக் காவல் பத்தொன்பது வருடம், பூட்டாத பொருள் அவருக்குப் பொருளே அல்ல. மணமுள்ள எல்லாம் பெட்டிக்குள் என்று தாளில் இருந்தபடியால் பற்பசை போனது, சவுக்காரம் போனது, தலையிடித் தைலம் போனது. திருநீற்றுப் பையை மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்தார். "திருநீறு மணக்காது," என்றாள். "சந்தனம் கலந்தது," என்று அதையும் வைத்தார். "அப்ப என்னையும் உள்ளுக்கு வையுங்கோ. முப்பத்தைஞ்சு வருசமா மிளகாய்த்தூள் வறுத்த உடம்பு." அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பூட்டினார். இன்று காலைச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி பூட்டினார். அவளுடைய குளுக்கோஸ் இனிப்பும், சீனி பார்க்கும் கருவியும், ஊசியும், பிஸ்கற்றும், அரிசியும் எல்லாம் உள்ளே. பூட்டின் திறப்பு அவர் காற்சட்டைப் பையில். அந்தக் காற்சட்டை ஏரியின் மறுகரையில்.

பரவாயில்லை, வந்துவிடுவார். பத்து நிமிடம் போனால் வந்துவிடுவார். முனையைப் பார்த்தபடி நின்றாள். அப்போதுதான் தண்ணீரின் நிறம் மாறியிருப்பது தெரிந்தது. காலையில் கண்ணாடிபோல் கிடந்தது, இப்போது கறுத்து, நடு ஏரியில் வெள்ளை வெள்ளையாக நுரை. மரங்களின் உச்சி ஒரே பக்கம் சாய்ந்தது. கயிற்றில் கிடந்த சாரம் விமானம் ஏறப் பார்த்தது. அவள் போய் அதை எடுத்து மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள். அவருக்குப் படகு ஓட்ட வராது, அதுதான் உண்மை. துறையில் வாடகைக்குக் கொடுத்தவன் கால் மணித்தியாலம் விளங்கப்படுத்தினான். கைபிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் திரும்பும். அதை அவர் நேற்று மூன்று தரம் மறந்தார், முன்னால் இருந்த அவள் ஒரு தரமும் மறக்கவில்லை. சொன்னால், "நீர் பேசாமல் இரும், எனக்குக் குழம்புது," என்றார். பேசாமல் இருந்தாள். கவிழ்ந்திருந்தால்? அங்கி போட்டிருக்கிறார், மிதப்பார். மிதந்தாலும் குளிர். காலையில் அவள் காலில் ஏறிய குளிர் அவர் நெஞ்சில் ஏறினால்? சீ, என்ன நினைப்பு. ஆனால் நினைப்பு நிற்கவில்லை, வாசல்வரை வந்த விருந்தாளிபோல உள்ளே வந்து உட்கார்ந்தது. ஆரணிக்கு எப்படிச் சொல்வது, போன் இல்லை. கொழும்பிலிருக்கும் அவர் தம்பிக்கு யார் சொல்வது? செத்தவீட்டுக்கு மண்டபம் எது? பிறகு, காற்சட்டைப் பையோடு திறப்பும் ஏரியின் அடியில் கிடந்தால் இந்தப் பெட்டியை உடைக்க யார் வருவார்கள்? மனிசன் தாழ்ந்து கிடக்க, தான் பிஸ்கற்றை நினைப்பதைக் கண்டு அவள் திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள். யாரும் கேட்கவில்லைதான். அவர் கவிழவில்லை. துறையிலிருந்து கிளம்பவே இல்லை. கடைக்காரனோடு விறகு விலை பற்றித் தர்க்கப்படுகிறார். அப்படித்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

12.40க்கு ஒரு சிவப்புத் தோணி கரையோரமாக வந்தது. துடுப்புப் போட்டவள் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரி, முன்னால் ஒரு நாய், நாய்க்கும் உயிர்காப்பு அங்கி. "எல்லாம் சரியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மனோரஞ்சிதத்தின் வாய் அவளைக் கேளாமலே, "ஓகே, ஓகே. ஹஸ்பண்ட் கமிங்," என்றது. வெள்ளைக்காரி வானத்தைக் காட்டிக் காற்றென்று ஏதோ சொன்னாள், கையசைத்தாள், போய்விட்டாள். நாய் மட்டும் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்த்தது. ஏன் கேட்கவில்லை? அந்தத் தோணியில் ஒரு வாழைப்பழமாவது இருந்திருக்கும். கேட்டால் என்னவென்று கேட்பது? என் புருசன் சாப்பாட்டைப் பூட்டிவைத்துத் திறப்பையும் கொண்டு போய்விட்டார் என்றா? மனிசியைப் பட்டினி போடுகிறவன் என்று அவள் நினைப்பாள். பொலிசுக்குச் சொன்னாலும் சொல்லுவாள். இந்த நாட்டில் அப்படியும் நடக்கும். மானம் பெரிதா, சீனி பெரிதா என்று அவள் தன்னையே கேட்டாள். மானம் என்று பதில் வந்தபோது தோணி மரங்களுக்குள் மறைந்துவிட்டது. உடனே, சீனிதான் என்று இன்னொரு பதில் வந்தது. அது எப்போதும் பிந்தித்தான் வரும்.

ஒரு மணிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. மேலுதட்டில் வியர்வை, நாக்கின் நுனியில் எறும்பு ஊர்வதுபோல. இது அவளுக்குத் தெரிந்த எதிரி. தொழிற்சாலையில் இரண்டு தரம் வந்து இரண்டு தரமும் யாரோ ஒருத்தி ஜூஸ் பெட்டியோடு ஓடி வந்தாள். இங்கே ஓடி வர யாருமில்லை. அவள் ஒரு கல்லை எடுத்தாள். தேங்காயளவு கல். பூட்டின்மேல் ஓங்கி அடித்தாள். சத்தம் ஏரிக்கு மேலால் போய், எதிர்க்கரையில் முட்டி, இன்னொரு அடியாகத் திரும்பி வந்தது. இரண்டாவது அடி பெட்டியில் விழுந்தது, மூன்றாவது தன் பெருவிரலுக்கு அருகில். பூட்டில் கீறல் விழுந்தது, வேறொன்றும் ஆகவில்லை. நல்ல பூட்டு. அவர் நல்லதாகத்தான் வாங்குவார். கல்லைப் போட்டாள். கண்ணுக்குள் மின்மினி. இருக்கவேண்டும், விழக்கூடாது, விழுந்தால் தண்ணீர்ப் பக்கம் விழக்கூடாது. கூடாரத்துக்குப் பின்னால் பாறை ஏறுகிற இடத்தில் போய்க் குந்தினாள். அங்கே முழங்காலுக்கும் எட்டாத செடிகள், இலைக்கடியில் நீலமாக, சாம்பல் பூசியதுபோல, மிளகிலும் கொஞ்சம் பெரிய காய்கள். காய்களா, பழங்களா? கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் விற்கிற புளூபெரிதானே? அது பெரிது, இது சிறிது. நஞ்சுப் பழமும் அழகாகத்தான் இருக்கும். ஒன்றை நாக்கில் வைத்து நசித்தாள். புளிப்பு, பிறகு இனிப்பு. நூறு எண்ணும்வரை பொறுத்துப் பார்க்கவேண்டும் என்று நினைத்து, பதினேழில் கை மறுபடி போய்விட்டது. நஞ்சென்றால் நஞ்சு, சும்மா சாவதைவிடத் தின்றுவிட்டுச் சாகலாம். ஒன்றொன்றாக ஆய்ந்தாள், பிறகு கிளையை விரலிடுக்கில் கோதி உருவினாள், பிறகு ஆய்வதை விட்டுவிட்டுக் குனிந்து வாயாலேயே கவ்வினாள். இலையும் போனது, ஓர் எறும்பும் போனது. ஒரு செடி முடிய அடுத்த செடிக்குக் குந்தினபடியே நகர்ந்தாள். எத்தனை கைப்பிடி என்று எண்ணவில்லை.

கை நடுக்கம் நின்றது. முதலில் இடக்கை, பிறகு வலக்கை. வியர்வையில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது. அவள் பாறையில் மல்லாந்தாள். வானம் மரங்களின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் செடிகள் கரடிக்கும் தெரிந்திருக்கும். தாளில் எழுதியிருந்தது, இந்த மாதம் அவை பழம் தின்னத் திரியும் என்று. அப்படியானால் பூட்டி வைத்த பருப்பை அது ஏன் தேடி வருகிறது? அதன் குசினி இதுதானே. மற்றவன் குசினிக்குள் கேளாமல் நுழைந்து தின்றவள் தான்தான். "கோவியாதை, அந்தப் பக்கம் ரெண்டு செடி விட்டிருக்கிறன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதும் பயம் கொஞ்சம் வந்தது, ஆனால் எழும்ப மனம் வரவில்லை. முதுகுக்குக் கீழே பாறை வெயிலில் சூடேறி ஒத்தடம் கொடுத்தது. நாரி நோகவில்லை. இப்படியொரு சுகம் இருக்குமென்று யாரும் சொல்லவில்லை. ஆரணி சொன்னாள், விளங்கவில்லை. உடனே மனம் கையைப் பிடித்து இழுத்தது: அந்த மனிசன் எங்கே எந்தத் தண்ணீரில் கிடக்கிறாரோ, நீ இங்கே வெயில் காய்கிறாய். அவள் குற்ற உணர்ச்சியோடு நிமிர்ந்து உட்கார்ந்து முனையைப் பார்த்தாள். அலை முந்தியதைவிடச் சிறுத்திருந்தது. அவர் சாகக்கூடாது. அதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை; முப்பத்தைந்து வருடத்தில் அவரை வெறுத்த நாட்களைக் கூட்டினாலும் ஒரு கிழமைக்கு மேல் வராது. அவர் வரவேண்டும். நல்லபடியாக, நனையாமல், விறகோடு வரவேண்டும். ஆனால் கொஞ்சம் பிந்தி வரவேண்டும். இந்த எண்ணத்தை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் பாவம் ஏதும் ஒட்டியிருப்பதாகத் தெரியவில்லை. இன்னும் ஓர் அரை மணித்தியாலம், அவ்வளவுதான். அவள் மறுபடி சாய்ந்தாள்.

3.05க்கு இயந்திரச் சத்தம் கேட்டது. தையல் மெசின் சத்தமல்ல, கனத்த சத்தம், பெரிய படகு. அவள் எழும்பிய வேகத்தில் சேலை காலில் தடக்கியது. வேறு படகு என்றால் செய்தி கொண்டுவரும் படகு.  அரை மணித்தியாலம் என்று கேட்டேனே, அதற்கா? அதற்கா? முனையைத் தாண்டிப் பூங்காக் காவலர் படகு வந்தது. ஓட்டியது பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண். அவளுக்குப் பின்னால், இரண்டு ஐஸ் பையையும் மடியில் பிள்ளைபோல அணைத்தபடி குலவீரசிங்கம். படகு கரை தட்டுமுன்னரே குதித்தார், முழங்கால்வரை தண்ணீர்.

"இஞ்சேரும்! உமக்கு ஒண்டுமில்லையே? சீனி? வாயெல்லாம் என்ன நீலம்?"

"பழம் திண்டனான். உங்களுக்கு ஒண்டுமில்லையே?"

"காத்து. அலை அடங்குமட்டும் வாடகைப் படகை விடமாட்டமெண்டிட்டாங்கள். கையைப் பொக்கற்றுக்கை விட்டன், திறப்பு நிக்குது. தலை சுத்திப் போச்சு."

"அப்ப உடனை சொல்லியிருக்கலாமே, மனிசி சாப்பாடில்லாமல் நிக்கிறாளெண்டு."

அவர் ஐஸ் பைகளைக் கரையில் வைத்தார். பிறகு ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எப்பிடிச் சொல்லுறது? கரடிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டனானெண்டு? ரெண்டு மணித்தியாலமாச் சொல்லேல்லை. கடைசியாத்தான் இந்தப் பிள்ளைட்டைச் சொன்னன். கேட்ட உடனை தன்ரை படகிலை ஏத்திக்கொண்டு வந்திட்டுது."

காவலர் பெண் ஒரு ஜூஸ் பெட்டியை நீட்டினாள். மனோரஞ்சிதம் அதை வாங்கிக் குடித்தாள், வெட்கப்படாமல். அந்தப் பெண் இரும்புப் பெட்டியடியில் குந்தி, பூட்டைத் தடவிப் பார்த்து, கண்ணை அகல விரித்து ஏதோ கேட்டாள். கீறல்களை விரலால் அளந்தாள், கைப்பேசியில் படம் எடுத்தாள்.

"கரடி வந்ததோ எண்டு கேக்கிறா," என்றார் குலவீரசிங்கம். அவர் குரலில் பயத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. "பாத்தீரே, பூட்டு இல்லாட்டி..."

"கரடியில்லை," என்றாள். "நான்."

அவர் அந்தக் கீறலைப் பார்த்தார், கீழே கிடந்த கல்லைப் பார்த்தார், அவளுடைய நீல வாயைப் பார்த்தார். திறப்பை எடுத்துப் பூட்டில் நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. இரண்டு தரம் நழுவியது. மனோரஞ்சிதம் கிட்டப் போய்க் குனிந்தாள். தன் கையைக் கொண்டுபோய் அவர் கையைப் பிடிக்க, திறப்பு உள்ளே போனது.

"விறகு எங்கை?" என்று கேட்டாள்.

"ஐயோ," என்றார் குலவீரசிங்கம்.

அடுத்த வருடம், 2018 மே 26, சனிக்கிழமை, ஸ்காபரோவில் ஒரு சமூக நிலைய மண்டபத்தில் நடந்த சிறுபடகு ஓட்டுநர் பரீட்சையில் மனோரஞ்சிதம் குலவீரசிங்கம் ஐம்பதுக்கு நாற்பத்தொரு புள்ளி எடுத்துச் சித்தியடைந்தார். குலவீரசிங்கம் பரீட்சை எழுதவில்லை. வெளியே வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்.